நால்விரல் உயரம்

இக்காலத்து மக்களுக்கு வாழும் வீட்டுக்கும் வண்டி நிறுத்தும் கொட்டகைக்கும் வேறுபாடு தெரியாமற் போய்விட்டது என்பதே கொத்தனார் மாரியப்பனின் தீராத குறை. விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் நோக்கி விரையும் பெருஞ்சாலை காலை வெயிலில் தீட்டிய அரிவாள்போல் ஒளிர, இருமருங்கும் மல்லாட்டை என்னும் நிலக்கடலைக் கொல்லைகள் பனியுலர்ந்து பசுமை காட்ட, கிடங்கல் ஏரியின்மேல் கொக்குகள் வெள்ளைத் துணி உதறினாற்போல் எழுவதும் அமர்வதுமாக இருந்த அந்த நல்வேளையிலும், அவர் கண் அவற்றின்மேற் செல்லவில்லை. பத்துத் திங்கள் பாடுபட்டுத் தாம் எழுப்பிய புதுமனையின் வாயிலையே பார்த்தபடி, தோளில் துண்டும் கையில் கொத்துக் கரண்டியுமாக நின்றார் அந்த எழுபது அகவைக் கிழவர்.

முதுகுத்தண்டு முறிந்தோரும் கால் இழந்தோரும், மருத்துவமனையினின்றோ ஊரினின்றோ வந்து சின்னாள் தங்கி, மாறிப்போன உடம்போடு வாழப் பழகுதற்கென்று எழுந்த மனை அது. அதனை வரைந்தவள் கலைப்பிரியா என்னும் கட்டடக்கலைஞர். படுத்திருப்பவர் கண்ணுக்கும் ஏரி தெரியுமாறு சாளரங்களைத் தாழ்த்தினாள். அமர்ந்தபடியே சமைக்குமாறு அடுப்பு மேடையின் அடியில் முழங்காலுக்கு இடம் விட்டாள். படிக்கட்டு இருக்கவேண்டிய இடத்தில் சரிவான பாதையை வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் முணுமுணுத்தார் மாரியப்பன். ஆயினும் நூல் பிசகாமல் கட்டினார். வாயிலில் மட்டும் அவர் மனம் முரண்டு பிடித்தது.

"ஆஸ்பத்திரி மாதிரி இருக்கக் கூடாதுங்க மேஸ்திரி. வீடு மாதிரி இருக்கணும்" என்று முதல் நாளே அவள் சொல்லியிருந்தாள். அந்த ஒரு சொல்லைக் கிழவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"வீடுன்ற, வாசப்படி வாணாம்ன்ற. மஞ்ச எங்க பூசுவ? மகாலட்சுமி எங்க நிப்பா?"

"அவங்க உள்ளயே வந்து உக்காரட்டுமே மேஸ்திரி."

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். படித்தவர் சிரிப்பை அவர் என்றுமே நம்பியதில்லை. ஆகவே, முதலில் தங்க வருவோரை அழைத்துவர அவள் இரண்டு நாள் விழுப்புரம் சென்றிருந்தபோது, திருவக்கரைக் கருங்கல்லில் நால்விரல் உயரத்துக்கு ஒரு படி செதுக்கி, வாயிலின் குறுக்கே பதித்து, மஞ்சள் பூசிக் குங்குமமும் இட்டார். தீங்கு செய்கிறோம் என்ற நினைவு அவருக்குத் துளியும் இல்லை. பொட்டில்லா நெற்றிக்குப் பொட்டு வைத்தவர்போல் நிறைவோடு கை கழுவினார்.

அந்தக் காலையில்தான், கலைப்பிரியா அழைத்துவந்தவர்களோடு வண்டி வந்தது. முதலில் இறங்கியவள் திருவெண்ணெய்நல்லூர் அம்சா. கரும்பேற்றிய வண்டியின் உச்சியிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்விழந்தவள். ஈராண்டாகக் கணவன் வேங்கடேசன் தோளில் கிடந்தே எப்போதேனும் வெளியே போய்வந்தவள். இந்த வீட்டுக்குள் மட்டும் தன் கையால் தானே நுழைவது என்று உறுதி பூண்டு, கரும்பு வெட்டிக் காய்த்த அந்தக் கைகளை மூன்று திங்களாகச் சக்கர நாற்காலி உந்தப் பழக்கியிருந்தாள். தூக்க வந்த கணவனைத் தட்டிவிட்டாள்.

"கைய வச்சின்னா கடிச்சிடுவேன். அந்தாண்ட போ."

"கடிக்க மட்டும் தெம்பு இருக்குது பாரு!" என்று சிரித்தபடி விலகினான் வேங்கடேசன்.

சரிவில் சக்கர நாற்காலி ஆற்றில் விட்ட ஓடம்போல் ஏறிற்று. வாயிலில் தடுக்கி நின்றது. மீண்டும் உந்தினாள்; மீண்டும் நின்றது. பல்லைக் கடித்து மூன்றாம் முறை உந்தினாள். நாற்காலி முன்னே குப்புறச் சாய்ந்தது. வேங்கடேசன் பாய்ந்து பிடித்தான். வேறு வழியின்றி அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய் அமர்த்தினான். தலைப்பூ உதிர்ந்து மஞ்சட்கல்லின்மேல் கிடந்தது.

"இங்கயும் மூட்டைதானா நானு?" என்றாள் அம்சா, சுவரைப் பார்த்து.

வண்டியில் மற்றவர்களை இறக்கிவிட்டு அப்போதுதான் வந்த கலைப்பிரியாவின் முகம் வெளுத்தது. "திருமுருகன், இந்தக் கல்ல ஏன் வச்சீங்க? எத்தனை வாட்டி சொன்னேன்?" என்று உடன்வேலை செய்த கொத்தனாரைச் சீறினாள். திருமுருகன் தலை கவிழ்ந்தான். மூத்தவரைக் காட்டிக்கொடுக்க அவனுக்கு நாவெழவில்லை. மாரியப்பனோ, ஐம்பதாண்டு பிடித்த கரண்டியை அன்றுதான் கண்டவர்போல் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். சுடுசொல் அடுத்தவன் தலையில் விழ விழ, அவர் வாய் திறவாமல் நின்றார். படி வைத்தது அறியாமை. இந்த மௌனம் அறியாமை அன்று. அது அவருக்கே தெரிந்திருந்தது.

"அவன வுடும்மா" என்றார் கடைசியில். "நாந்தான் வச்சேன். வீடு மாதிரி இருக்கணும்னு நீதான சொன்ன?"

பதில் சொன்னவள் அம்சா. "எங்க ஊட்லயும் இதே மாதிரி படி இருக்குது பெரியவரே. மஞ்ச பூசி, பொட்டு வச்சி. அதத் தாண்ட முடியாமத்தான் ரெண்டு வருசமா உள்ளயே கெடந்தேன்."

கிழவரின் காது மடல் சுட்டது.

"என்ன மறுபடி வெளிய தூக்கிக்கினு போ" என்று கணவனிடம் சொன்னாள். "அவரு பேத்து எடுக்கட்டும். இப்ப வந்தது வந்ததாவே கணக்கில்ல."

புங்கமர நிழலில் அவள் காத்திருக்க, அனைவர் கண்ணும் முதுகில் தைக்க, மாரியப்பன் குந்தி உளியைப் பிடித்தார். அடிக்கு அடி மஞ்சள் தெறித்தது. கல் இரண்டாய் உடைந்து பெயர்ந்தது. ஒட்டியிருந்த காரையைச் சுரண்டி, தேய்கல்லால் இழைத்து, உள்ளங்கையை வைத்து மேடு தட்டுகிறதா என்று தடவிப் பார்த்தார். அப்போதும் நிமிர்ந்து எவர் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்சா வந்தாள். சக்கரங்கள் ஓசையின்றி வாயிலைக் கடந்தன. கூடத்தின் நடுவே நாற்காலியைத் திருப்பி, மூச்சு வாங்கியபடி, "வாங்க மேஸ்திரி உள்ள. எங்க ஊட்டுக்கு வந்துட்டு வாசல்லயே நின்னா எப்படி?" என்றாள்.

அவர் கால் பழக்கத்தால் உயர்ந்தது. தாண்டுவதற்கு அங்கே ஒன்றுமில்லை. வெறுந்தரையில் தடுமாறி இறங்கிய காலைக் கூச்சத்தோடு பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"படியில்லாத ஊட்ல எப்படி கால வைக்கிறதுன்னு எனக்குத் தெரியலம்மா" என்றார். அவள்பால் இழைத்த பிழை அவரைச் சுட்டது மெய்; ஆயினும் படியற்றதை வீடென்று ஏற்க அந்தப் பிடிவாத நெஞ்சம் அப்போதும் இசையவில்லை. உடைந்த கல்லைப் புங்கமரத்தடியில் போட்டுவிட்டு, விழுப்புரம் பேருந்துக்காகச் சாலை நோக்கி நடந்தார். எத்தனை முறை துண்டில் துடைத்தும் உள்ளங்கை மஞ்சள் போகவில்லை. மூட்டை என்ற அந்தச் சொல்லும்தான்.