ஜம்புலிங்கம் வீட்டு வாசல் பள்ளம்

சூரியன் உதிக்கத் தாமதமாகலாம். ஆனால் நாகேந்திரன் சார்ட்டில் கோடு போட்டுவிட்டால் அந்த வேலை அந்தத் தேதியில் நடந்தே தீரும். இதைச் சொன்னவன் நாகேந்திரன்தான். சொல்லும்போது அவன் சிரிக்கவில்லை.

தொண்ணூற்று மூன்றில் பூந்தமல்லியில் நெடுஞ்சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். எந்த வேலை எந்த நாளில் என்று திட்டம் போடும் இன்ஜினியர் அவன். தகரக் கொட்டகை ஆபீசில் சுவர் முழுக்க அவனுடைய சார்ட். நான்கு கலர் ஸ்கெட்ச் பேனா. அதற்கு இடம் போதவில்லையென்று மளிகைக் கடை தினக் காலண்டரைக் கழற்றி பீரோவுக்குப் பின்னால் வீசியிருந்தான்.

"ராகு காலம் பாத்து ரோடு போட்டா, ரோடு நேரா ராகு வீட்டுக்குத்தான் போகும்" என்று மேஸ்திரி துலுக்கானத்தை நக்கலடிப்பான்.

சார்ட்டில் ஒரே ஒரு சிவப்புக் கோடு. ஜம்புலிங்கம் வீட்டு வாசலில் மழைநீர்க் கால்வாய்க்கு ஆறடிப் பள்ளம். ஜூன் பத்து, காலை ஆறு மணி.

போன தை மாதம் அந்த வீட்டுக்குப் பெண் பார்க்கப் போயிருந்தான். ஜம்புலிங்கம் அவன் வேலையைப் பொறுமையாக விசாரித்தார். பிறகு சொந்தபந்தம் பதினெட்டுப் பேர் நடுவில், "கோடு போடறதுக்கெல்லாமா சம்பளம் தர்றான்?" என்றார். பதினெட்டுப் பேரும் சிரித்தார்கள். அவன் கையில் பாதி பஜ்ஜி இருந்தது. அந்தப் பெண் வசந்தகுமாரிக்கு இப்போது பேங்க் மாப்பிள்ளை. வீட்டு வாசலிலேயே பந்தல், ஜூன் பத்து.

"சார், அன்னிக்கு முகூர்த்தம். ஆளு வராது சார்" என்றார் துலுக்கானம்.

"வேலை நடக்கறது என் சார்ட்ல, உன் காலண்டர்ல இல்ல."

"அப்பால உங்க இஷ்டம்."

முந்தின நாளே பள்ளத்துக்கு அடையாளமாகச் சுண்ணாம்புக் கோடு போட்டாயிற்று. பத்தாம் தேதி ஆறு மணிக்கு நாகேந்திரன் ஹெல்மெட்டோடு நின்றான். நாற்பது ஆட்களில் ஒருவரும் இல்லை. ஊரில் அன்று மட்டும் பதினோரு கல்யாணமாம். கல்யாணத்துக்கு வந்த கார்கள் எல்லாம் சுண்ணாம்புக் கோட்டை ஒட்டிப் பிசகாமல் வரிசையாக நின்றன.

ஜம்புலிங்கம் பட்டு வேட்டியோடு வெளியே வந்தார்.

"தம்பியா? கார் நிறுத்தக் கோடு போட்டுக் குடுத்தியே, நல்லாருப்பே. இன்னாத்துக்கு வெயில்ல நிக்கறே? உள்ள வா, துண்ணுட்டுப் போ."

உள்ளே பந்தியில் புதுச் சட்டையோடு உட்கார்ந்திருந்த துலுக்கானம், பக்கத்து இலையைக் காட்டிக் கூப்பிட்டார். நாகேந்திரன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். பின்னால் கெட்டிமேளம்.

மத்தியானம்வரை சைட்டில் சுற்றிவிட்டு ஆபீசுக்கு வந்தான். யாருமில்லை. கதவைச் சாத்திவிட்டு பீரோவை நகர்த்தினான். காலண்டரைத் தூசி தட்டி, ஒவ்வொரு தாளாகப் புரட்டினான். ஆடி மாதம் முழுக்க ஒரு முகூர்த்தம்கூட இல்லை. நாற்பது ஆளும் வரும். ஆடி ஒன்றாம் தேதிதான் புது மாப்பிள்ளை மாமியார் வீட்டுக்கு விருந்துக்கு வருவான். புது வேட்டி கட்டிக்கொண்டு, அந்த வாசல் வழியாக.

கதவு திறந்தது. வெற்றிலை வாயோடு துலுக்கானம்.

"இன்னா சார் தேடறீங்க?"

"ஸ்கேல்" என்று காலண்டரின்மேல் உட்கார்ந்துகொண்டான்.

அவர் போனதும், பழைய கோட்டின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டினான். சிவப்புப் பேனாவை எடுத்தான். மூடியைத் திறக்கப் போனவன், காலண்டரை ஒருமுறை பார்த்தான். வியாழக்கிழமை, ராகு காலம் ஒன்றரை முதல் மூன்று. மணி இரண்டு.

பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டு, மூன்று மணி ஆகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.