கல்யாண வீட்டில் வாட்டு

சபாபதியின் மகள் தனலெட்சுமியின் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸ் வாசலில் போட்ட பந்தலுக்கு மின்விளக்கு மாட்ட வயர்மேன் அங்கமுத்து வந்திருந்தான். கம்பிக்குள்ளிருந்து வெளிச்சம் வரும் என்பதில் சபாபதிக்கு நம்பிக்கையே இல்லை. அங்கமுத்து பல்பைக் காட்டி, "நாப்பது வாட்டுண்ணே" என்றதும் அவருக்குப் பொசுக்கென்று கோபம் வந்துவிட்டது.

"நல்ல காரியம் நடக்குற வீட்ல வாட்டு, வதக்குன்னு என்னடா பேச்சு? எடுத்துட்டுப் போ! எனக்கு கேஸ் லைட்டே போதும்."

மணவறைக்கு மேல் கரண்டு விளக்கு எரியப்போகிறது என்று தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்த தனலெட்சுமியின் முகம் சுருங்கிப்போனது.

"ஐயோ அண்ணே, வாட்டுங்கிறது ஒரு வெள்ளைக்காரன் பேரு. பல்பு எவ்வளவு வேகமா கரண்டைத் தின்னுதுன்னு சொல்ற அளவுக்கு அவன் பேரை வச்சுட்டாங்க. வாட்டு கூடுனா வெளிச்சம் கூடும்."

"பேரு வைக்க வேற ஆளே கிடைக்கலியா?"

அடுப்படியிலிருந்து மனைவி நல்லம்மாள் குரல் கொடுத்தாள். "ஏங்க, கட்டுச்சோத்துக்கு இலையை வாட்டாமலா கட்டுறோம்? அதுல எந்தக் குடி முழுகிப்போச்சு?"

பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சபாபதிக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மகளை ஒரு தரம் பார்த்தார்.

"ஏண்டா, உன் பையில இதைவிடப் பெரிய தீனிக்காரன் இருக்கானா?"

"நூறு வாட்டு இருக்குண்ணே."

"அப்புறம் எதுக்குடா இந்த நோஞ்சானைக் காட்டுறே? அவனை மாட்டு!"

விளக்கு எரிந்தது. தனலெட்சுமி கல்யாணப்பெண் என்பதையும் மறந்து கைதட்டிக் குதித்தாள்.