இரண்டாம் ஜோடி இலைக்கு மேலே

வார்தினி கெமாங்கித் துளசியின் தண்டைக் கட்டைவிரல் நகத்தால் கிள்ளினாள். கீழிருந்து இரண்டாம் ஜோடி இலைக்கு மேலே, கொஞ்சம் சாய்வாக. அவள் கணவன் கஸ்மான் அப்படித்தான் கிள்ளுவான். ஒரு தண்டு இரண்டாகக் கிளைக்கும். பூ வந்தால் இலை கசந்துவிடும் என்று மொட்டுகளை விட்டுவைக்கவே மாட்டான். அவன் போய் நான்கு மாதமாகிறது. பறித்த ஒரு கைப்பிடியைச் சோற்றுத் தட்டில் சம்பலுக்குப் பக்கத்தில் வைத்தாள். சாப்பிடத் தோன்றவில்லை.

நேற்று வியாழக்கிழமை, வழக்கம்போல மையவாடிக்குப் போயிருந்தாள். அவனைப் புதைத்த கபரின் மேல் அவள் விதைத்த கெமாங்கி முழங்கால் உயரம் வளர்ந்து போன வாரம் பூத்திருந்தது. கபரில் வளர்வதை ஊரில் யாரும் பறிப்பதில்லை. பூத்து, காய்ந்து, தானாக உதிர வேண்டும். ஆனால் நேற்று ஒரு பூகூட இல்லை. எல்லாத் தண்டுகளும் இரண்டாம் ஜோடி இலைக்கு மேலே, சாய்வாகக் கிள்ளப்பட்டிருந்தன.

வேலிக்கு அப்பால் துணி எடுத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பொனியெம், வார்தினி இதைச் சொல்லக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஆடு மேஞ்சிருக்கும்டி."

"ஆடு இலைய எண்ணிப் பாத்தா கடிக்கும், அக்கா?"

"அப்ப உன் புருஷன்தான் எந்திரிச்சு வந்திருப்பான். கையக் கட்டிக்கிட்டுப் படுத்துக் கெடக்குற ஆளா அவன்?"

வார்தினிக்கும் சிரிப்பு வந்தது. பிறகு சொன்னாள், "இப்படிக் கிள்ள எனக்கு மட்டுந்தான் சொல்லிக்குடுத்தாருன்னு நெனச்சிட்டிருந்தேன்."

பொனியெம் ஏற்கெனவே மடித்த கைலியை உதறி மறுபடி மடித்தாள்.

ஞாயிறுதோறும் அவன் ஆட்டெரு வாங்க அடுத்த ஊருக்குப் போவான். காலையில் போனால் மதியம் தாண்டிவிடும், கொண்டுவருவது அரைச் சாக்கு. அவ்வளவு நேரம் எதற்கு என்று அவள் கேட்டதேயில்லை. யாராவது ஒரு பெண்ணாக இருக்கலாம். வெற்றிலை மெல்லும் கிழவர் யாராவது, சும்மா பேச்சுத்துணைக்கு, அப்படியும் இருக்கலாம். கோபப்படுவதா, அதற்குள் சந்தேகப்பட்டதற்கு வெட்கப்படுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த வியாழன் வரை பொறுக்க முடியாமல், தண்ணீர்க் கெண்டியோடு அப்போதே கிளம்பினாள். மையவாடியில் ஆள் இல்லை. எல்லாவற்றையும் வேரோடு பிடுங்கிவிடத்தான் குனிந்தாள். கபரின் தலைமாட்டில் நட்ட மீசான் கல்லின் பின்பக்கம், நிழலில், ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. கிள்ளிய தண்டுகள் அதற்குள். கஸ்மானும் எறிய மாட்டான், தண்ணீரில் போட்டு வேர்விட வைப்பான். இவையும் வெள்ளை நூலாக வேர்விட்டிருந்தன. எடுத்துப்போக யாரோ திரும்பி வருவார்கள்.

புட்டியில் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியிருந்தது. ஒரு வேர் மட்டும் எட்டாமல் காற்றில் தொங்கியது. வார்தினி வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு கெண்டியை மெல்லச் சாய்த்தாள், அந்த வேர் நனையும் வரை.