கேட்டுக்கு வெளியே கற்பூரம்

ஆயுதபூஜை அன்னிக்கும் எங்க பிளாண்ட் நிக்காது. தட்டாஞ்சாவடியில காத்தைப் பிரிக்கிற கம்பெனி எங்களது. காத்தை அமுக்கி, குளிரவச்சு, தண்ணியாட்டம் ஆக்கி, உயரமான டவருக்குள்ள விட்டா நைட்ரஜன் மொதல்ல ஆவியாகி மேல போயிடும், ஆக்சிஜன் அடியில தங்கிடும். கண்ட்ரோல் ரூம்ல உக்காந்து அதைப் பாத்துக்கறவ நான், வினோதா. என் வீட்டுக்காரர் நாகராஜ் கீழ வால்வுங்களைப் பாக்கறவரு.

உள்ள தீக்குச்சிகூட வரக்கூடாது. அதனால சூப்பர்வைசர் கோவிந்தராசு அண்ணன் வருஷா வருஷம் பூஜையைக் கேட்டுக்கு வெளியிலதான் வைப்பாரு. நெருப்பைத் தள்ளி வச்சாச்சு, இனிமே பயமில்லன்னு அத்தினி பேருக்கும் ஒரு தெம்பு. எனக்கும்தான், பொய் சொல்லுவானேன்.

அன்னிக்குக் காலையில ஆக்சிஜன் வால்வு ஒண்ணு கசிஞ்சுது. தரையெல்லாம் பனியாட்டம் வெள்ளையா ஆக்சிஜன் புகை. என் வீட்டுக்காரரு கழுத்தளவு புகையில பத்து நிமிஷம் நின்னு அதை முடுக்கினாரு. முடிக்கவும் பூஜை மணி அடிக்கவும் சரியா இருந்துச்சு. மனுஷன் நேரா கேட்டைப் பாத்து நடந்தாரு.

கேமராவுல அதைப் பாத்ததும் எந்திரிச்சுட்டேன். அந்தப் புகை துணியில ஏறினா அரைமணி நேரம் போகாது. ஒரு பொறி பட்டாப் போதும், துணி குபீர்னு எரிஞ்சுடும். ட்ரெயினிங்ல படிச்சுப் படிச்சு சொன்னாங்க. இந்தாளு அங்க தலையை மட்டும்தான் ஆட்டியிருக்காரு. கூப்பிடலாம்னா எல்லார் போனும் லாக்கர்ல.

ஓடினேன். சுத்திப் போனா நேரமாயிடும்னு வால்வுப் பக்கமாவே குறுக்கால ஓடினேன்.

அண்ணன் கற்பூரத் தட்டை நீட்டறாரு. தொட்டுக் கண்ணுல ஒத்திக்க இவரு ரெண்டு கையையும் கொண்டு போறாரு. நான் கத்தினது மணிச் சத்தத்துல யாருக்கும் கேக்கல. மெஷின் கழுவ கேட்டோரமா வச்சிருந்த வாளியைத் தூக்கி, நின்ன இடத்துலேர்ந்தே தண்ணியை வீசினேன். தட்டு, குங்குமம், இவரு சட்டை, அண்ணனோட புது வேட்டி, எல்லாம் நனைஞ்சு போச்சு.

நல்ல நாள்ல சாமி வெளிச்சத்தை அணைச்ச மூதேவின்னு அண்ணன் கத்தினாரு. இவருக்கு மானம் போயிடுச்சாம், என்னை முறைச்சாரு. மொதல்ல சட்டையைக் கழட்டுங்க, ஆக்சிஜன் ஏறியிருக்கு, எரியும்னேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். சலிச்சுக்கிட்டே கழட்டி ஜல்லி மேல விசிறினாரு. அதுல தோள்பட்டைப் பக்கம் தண்ணியே படல.

"எரியுமாமே, பாத்துடுவோம்"னு அண்ணன் புகைஞ்சிட்டிருந்த ஊதுவத்தி ஒண்ணை உருவி அது மேல போட்டாரு.

புஸ்ஸுன்னு ஒரு சத்தம். மூணு எண்றதுக்குள்ள சட்டையில பாதி கரியாயிடுச்சு.

இவரு கரியைப் பாத்தாரு. அப்புறம் என் சுடிதாரைப் பாத்தாரு.

"நீ எந்தப் பக்கமா ஓடியாந்த?"

அப்பதான் எனக்கே உறைச்சுது. "வால்வுப் பக்கமா."

அண்ணன் மிச்ச ஊதுவத்தியை எல்லாம் ஈரத்துல முக்கினாரு. ஜனங்களைத் தள்ளிப் போகச் சொன்னாரு. நாங்க ரெண்டு பேரும் வெட்டவெளியில, காத்து வர்ற பக்கமாப் போய் நின்னோம். இவருக்கு அழுகை வந்துடுச்சு. பக்கத்துல போய்க் கையைப் புடிச்சுக்கணும்னு இருந்துச்சு எனக்கு. துணியில ஏறினது போக அரைமணி நேரம் ஆகட்டும்னு நாலடி தள்ளியே நின்னேன்.