மினிட்ஸ் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கம்

அண்ணன் விட்ட முதல் அறையிலேயே தம்பியின் மூக்குக்கண்ணாடி பறந்துபோய் அலமாரிக்கு அடியில் விழுந்தது. இரண்டாவது அறைக்குத் தம்பி நாற்காலியோடு சாய்ந்தான். கூட்டத்தில் நடப்பதை மினிட்ஸ் புத்தகத்தில் பதிவுசெய்ய வந்திருந்த வக்கீல் பேனாவைப் பிடித்தபடி விக்கித்து உட்கார்ந்திருந்தாள். கம்பெனிச் சட்டத்தில் ஒன்பது வருடம் ஓட்டியவள். இயக்குநர் கூட்டத்தில் பல் உதிர்ந்து பார்த்ததில்லை.

விஷயம் இதுதான். காகித ஆலையின் பாய்லரில் விரிசல். போன மாதம் அதிலிருந்து சீறிய நீராவியில் இரண்டு பேர் வெந்து செத்தார்கள். விரிசலைப் பற்றவைத்து மூடிவிட்டு நாளைக் காலையே ஓட்ட வேண்டும் என்பது தலைவரான அண்ணனின் தீர்மானம். இயக்குநர்கள் மூன்றே பேர்: அண்ணன், தம்பி, தாய்மாமன். தம்பி முடியாது என்றான். மாமா டீக்கோப்பைக்குள் எதையோ தொலைத்தவர் போலக் குனிந்திருந்தார்.

"கையைத் தூக்குடா!" தம்பியின் முடியைப் பிடித்து மேசையில் இடித்தான் அண்ணன். மறுபடியும் இடித்தான். "தூக்குறியா இல்லையா?"

தம்பி ரத்தத்தைத் துப்பினான். "என்னைக் கொன்னாலும் மாட்டேன்ணே. அடுத்து யாரு வேகணும்?"

"வக்கீலம்மா, மூணு பேரும் ஒருமனதா ஒத்துக்கிட்டோம்னு எழுதுங்க."

இத்தனை நாள் அவள் எழுதியதும் அப்படித்தான். முதலாளிகள் அடித்துக்கொண்டதை 'விரிவாக விவாதிக்கப்பட்டது' என்று பூசி மெழுகுவது. இந்தக் கண்றாவிக்கா படித்தோம் என்று தினமும் நொந்துகொள்வாள். இப்போது வந்த ஆத்திரத்தில், தன் வேலை என்னவென்று முதல் தடவையாக அவளுக்குத் தெரிந்தது. 'மணி பதினொன்று இருபது. தலைவர், இயக்குநர் ஒருவரை அடித்து ஓட்டுக் கேட்டார்' என்று நிதானமாக எழுதினாள்.

எட்டிப் பார்த்த அண்ணனுக்குக் கண் சிவந்தது. "கிழிடி அதை!"

"பக்கத்துக்கு நம்பர் இருக்கு சார். கிழிச்சா, நாப்பத்தொண்ணு எங்கேன்னு கோர்ட்ல கேப்பாங்க. கீழே உங்க கையெழுத்து வேற இருக்கு."

இருந்தது. கூட்டத்துக்குக் கூட்டம் கையெழுத்துப் போட நேரமில்லை என்று வருட ஆரம்பத்திலேயே எல்லா வெற்றுப் பக்கத்திலும் போட்டுக் கொடுத்த மகராசன் அவனேதான். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது.

கம்பெனி முத்திரை குத்தும் இரும்புக் கருவியைத் தூக்கி அவள் கைமேல் ஓங்கி இறக்கினான். விரல் முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அலறினாள். அப்புறம் பல்லைக் கடித்துக்கொண்டு, பேனாவை இடது கைக்கு மாற்றி, அதையும் எழுதினாள். கோழி கிளறிய மாதிரிதான் இருந்தது; ஆனால் படிக்க முடிந்தது.

"தீர்மானத்துக்கு எதிரா யாரு?" என்றாள்.

தரையில் கிடந்தபடியே தம்பி கையைத் தூக்கினான். அண்ணன் விலாவில் உதைத்தான். கை இறங்கவில்லை.

மாமா எழுந்தார். அவர் கை தோள் மட்டும் வந்து நின்றது.

"மாமா, பேசாம உக்காருங்க."

"அடிடா," என்று கையை முழுசாகத் தூக்கினார் மாமா. "அதையும் அந்தப் பொண்ணு எழுதட்டும்."

அண்ணனின் கையில் இரும்பு அப்படியே நின்றது. அவள் எழுதினாள்: எதிர்ப்பு இரண்டு, ஆதரவு ஒன்று. பாய்லர் ஓடாது.