சத்தமில்லாமல் தேய்க்க ஒரு மெஷின்

கம்பெனியில் அவளை உஷ் மேடம் என்றுதான் கூப்பிட்டார்கள். முதலில் முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டார்கள், பிறகு துணிச்சல் வந்து முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள், கடைசியில் அவளே தொலைபேசியை எடுத்து "உஷ் பேசறேன்" என்று சொல்லும் நிலை வந்துவிட்டது. மரம் தேய்க்கும் மெஷின் செய்கிற கம்பெனியில் வடிவமைப்பாளராகச் சேர்ந்துவிட்டு, சத்தமே இல்லாத மெஷின் செய்யப் போகிறேன் என்று ஒருத்தி கிளம்பினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மீன்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டு நாற்றம் ஆகாது என்பது போல இருக்கிறது என்றார் விற்பனை மேலாளர். அவருக்கு எதையும் கடையோடு ஒப்பிட்டுத்தான் சொல்லத் தெரியும்.

கம்பெனியின் பழைய மாடலுக்கு எல்லோரும் செல்லமாக வைத்த பெயர் கழுதை. கத்தும் என்பதால் மட்டும் இல்லை, எவ்வளவு வேலை கொடுத்தாலும் முணுமுணுக்காமல் செய்யும் என்பதாலும்தான். கீழே ஒரு வட்டத் தட்டு, தட்டில் ஒட்டிய உப்புத்தாள், மேலே பிடித்துக்கொள்ள ஒரு குமிழ், பின்னால் தூசிப் பை. விசையைத் தட்டினால் தட்டு சுழலும், கதவோ மேசையோ வழவழவென்று ஆகும், தெருக்கோடி வரை ஒரு குழந்தையும் தூங்காது.

உஷ்ஷின் வீட்டுக் கொல்லைப்புறத்திலேயே ஒரு கழுதை இருந்தது. அவள் கணவர் பழைய கதவு, மேசை, அலமாரிகளைத் தேய்த்து பாலிஷ் போட்டுக் கொடுப்பவர். தொழிலில் கெட்டிக்காரர், பேச்சில் அதைவிடக் கெட்டிக்காரர். நாற்காலியைக் கொடுத்துவிட்டுப் போக வருகிறவர்கள் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவரோடு அரை நாள் பேசிவிட்டுத்தான் போவார்கள். அப்படிப்பட்ட மனிதருக்கு வலது காது போய்விட்டது. காது டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. போனது போனதுதான், இடது காதாவது மிஞ்ச வேண்டுமானால் அந்தச் சத்தத்தை விட்டுத் தள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்.

காதுக்கு மூடி வாங்கிக் கொடுத்தாள். மாட்டிப் பார்த்தார். வெளிச்சத்தம் அடங்கியதும் காதுக்கு உள்ளேயே ஓயாமல் ஊதிக்கொண்டிருக்கும் விசில் பெரிதாகிவிடுகிறது, தலை வெடிக்கிறது என்று கழற்றி ஆணியில் மாட்டிவிட்டார். கையால் தேய்த்தால் ஒரு மேசைக்கே வாரம் ஓடிவிடும். தொழிலை விடுங்கள் என்று யார் சொல்வது? சொன்னாலும் அந்தக் காதில் வாங்கி இந்தக் காதில் விட அவருக்கு இப்போது இரண்டு காது இல்லை என்று அவரே சொல்லிச் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் காது இருக்கும்போதே மெஷினை முடித்துவிட வேண்டும் என்று அன்றைக்கே தீர்மானித்தாள். அந்த அவசரம் அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அவர்கள் அதை வீம்பு என்றே நினைத்தார்கள்.

வீம்போ அவசரமோ, வேலை நடந்தது. மெஷினுக்குள் பாதிச் சத்தம் மோட்டாரைக் குளிர்விக்கும் விசிறியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து, அதன் இதழ்களை ஒரே சீராக வைக்காமல் முன்பின்னாக வைத்துப் பார்த்தாள். மோட்டாரை ரப்பர் மெத்தையில் உட்கார வைத்தாள். மேல்கூட்டின் சுவரைச் சில இடத்தில் தடிமனாக்கி, காற்று போகிற பாதையை வளைத்து வளைத்துவிட்டாள். ஒவ்வொரு மாதிரியும் முந்தியதைவிடக் குறைவாகக் கத்தியது. கடைசி மாதிரி, பக்கத்து அறையில் யாரோ போர்வையை உதறுவது போன்ற ஓசையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் குறைக்க வேண்டுமானால் மெஷினை அணைக்கத்தான் வேண்டும்.

சோதனை அறையில் அது எல்லாத் தேர்விலும் தேறியது. அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. உள்ளே போகிற யாராக இருந்தாலும் காதுக்கு மூடி மாட்டியாக வேண்டும், முதலாளியே வந்தாலும் சரி. மாட்டிக்கொண்டு, சுவரில் அழுத்தம் காட்டும் மானியின் முள்ளைப் பார்த்துக்கொண்டே தேய்ப்பார்கள். அழுத்தம் கூடினால் முள் சிவப்புக்குப் போகும், உடனே கையை இலேசாக்குவார்கள். பலகை பலகையாகத் தேய்த்தார்கள். ஒன்றில்கூட ஒரு கீறல் விழவில்லை. உஷ் பெருமை தாங்காமல் அந்தப் பலகைகளில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து கணவரிடம் தடவிப் பார்க்கச் சொன்னாள்.

அந்த மாதம் கம்பெனியில் மெஷினின் மேல்கூட்டை வார்க்கப் புது அச்சு வெட்டுவதாக இருந்தார்கள். அச்சு வெட்டுவது யானை வாங்குவது மாதிரி. வெட்டிவிட்டால் பல வருஷத்துக்கு அதிலிருந்து வருகிற மாடல்தான். உஷ்ஷின் மெஷினுக்கு வெட்டுவதா, கழுதைக்கே புதுச் சட்டை மாட்டிவிடுவதா என்று முதலாளி முடிவு செய்ய வேண்டும். கழுதை பக்கம் விற்பனை மேலாளர் நின்றார். இந்தப் பக்கம் உஷ் தனியாக நின்றாள்.

முதலாளி வாயால் சொல்வதை நம்புகிற ரகம் இல்லை. சோதனை அறைக்கும் வரமாட்டார். மெஷினைத் தன் அறைக்குக் கொண்டுவரச் சொன்னார். அவருடைய மேசை தேக்கு, கப்பல் மாதிரி இருக்கும். மேலே இருந்ததை எல்லாம் தள்ளிவிட்டு, சட்டைக் கையை மடித்துக்கொண்டு, தானே விசையைத் தட்டினார். தட்டிவிட்டு அவளைப் பார்த்தார். இன்னொரு முறை தட்டினார். அணைந்தது. மறுபடி தட்டினார்.

"ஓடுதாம்மா?"

ஓடுகிறது சார் என்றாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மேசைமேல் வைத்துத் தேய்த்தார். சத்தமே இல்லையே, சக்தி போதவில்லையோ என்று அழுத்தினார். அப்போதும் சத்தமில்லை. இன்னும் அழுத்தினார். அவர் சின்ன வயதில் மூட்டை தூக்கியவர், உடம்பில் அந்தத் தெம்பு இன்னும் இருந்தது. உஷ் "சார், சார்" என்று முன்னால் போவதற்குள் தேக்கு மேசையில் ஒரு பள்ளம் விழுந்துவிட்டது. தேநீர்த் தட்டை அதில் பதித்து வைக்கலாம், அவ்வளவு அழகான பள்ளம்.

விற்பனை மேலாளர்தான் முதலில் வாயைத் திறந்தார். சத்தம் இருந்தால்தான் வேலை நடக்கிறது என்று ஜனங்கள் நம்புவார்கள், கடையில் பேசாமல் நிற்கிறவனிடம் யார் சாமான் வாங்குவார்கள் என்றார். முதலாளி பள்ளத்தைத் தடவிக்கொண்டிருந்தார். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தேவலை.

"நல்லா வரும்னு நெனச்சேம்மா" என்றார். "வெள்ளிக்கிழமை அச்சுக்காரன் வர்றான். அதுக்குள்ள ஏதாவது பண்ண முடிஞ்சா பண்ணு. இல்லன்னா கழுதைதான்."

உஷ்ஷுக்கு முகம் சுண்டிப்போனது. வீடு வந்து சேரும் வரை ஒரே யோசனை. சோதனை அறையில் விழாத பள்ளம் அவர் மேசையில் மட்டும் எப்படி விழுந்தது? முதலாளியின் கை முரட்டுக் கை என்று சொல்லிவிடலாம். ஆனால் மெஷின் வாங்குகிறவர்கள் எல்லோருக்கும் பூப்போன்ற கையா இருக்கிறது?

கொல்லைப்புறத்தில் கழுதை கத்திக்கொண்டிருந்தது. கணவர் ஒரு வாசற்கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தார், அவள் வந்தது தெரியவில்லை. அவள் காதைப் பொத்திக்கொண்டு கொல்லை வாசலிலேயே நின்று பார்த்தாள். எரிச்சலோடுதான் பார்த்தாள். கதவின் மேடான இடத்தில் மெஷின் ஏறும்போது அதன் குரல் கனத்து இறங்கியது, உடனே அவர் தோள் துளி தூக்கிக்கொண்டது. குரல் தெளிந்ததும் தோள் தணிந்தது. மறுபடி கனத்தது, மறுபடி தூக்கியது. அவள் காதிலிருந்து கையை எடுத்தாள்.

அவர் தோளைத் தட்டி நிறுத்தச் சொல்லி, எப்போது கையைத் தூக்க வேண்டும் என்று எப்படித் தெரிகிறது என்று உரக்கக் கேட்டாள். அவர் விழித்தார்.

"நான் எங்க தூக்கறேன்? ஒரே மாதிரிதான புடிச்சிருக்கேன்."

சத்தியமாக அவருக்குத் தெரியவில்லை. தெரியாமலேதான் இத்தனை காலமாகத் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. அழுத்தினால் மெஷின் குரல் மாறும், கை அதைக் கேட்டு இலேசாகும். இது அவள் மெஷினில் இல்லை. துடைத்து வைத்தது போலக் குரலை எடுத்துவிட்டாள். சோதனை அறையில் எல்லோரும் காதை மூடிக்கொண்டு முள்ளைப் பார்த்தார்கள், ஆகவே குரல் இல்லாதது ஒருவருக்கும் உறைக்கவில்லை. ஊர் உலகத்தில் யார் முள்ளைப் பார்த்துக்கொண்டு கதவு தேய்க்கிறார்கள்?

மறுநாள் காலையில் மின்சுற்றுப் பிரிவில் வேலை செய்யும் வயர் தம்பியிடம் போய் நின்றாள். சதா கழுத்தில் ஒரு வயர்ச் சுருளை மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவதால் அவனுக்கு அந்தப் பெயர். மெஷின் சத்தம் போட வேண்டும் என்று அவள் சொன்னதும் அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தான்.

"அக்கா, உங்களுக்கு உடம்பு சரியில்லையா?"

எப்போதும் இல்லை, அளவுக்கு மேல் அழுத்தினால் மட்டும் என்று விளக்கினாள். அழுத்தினால் மோட்டார் அதிக மின்சாரம் இழுக்கும், அது அவன் போட்ட சுற்றுக்கு முதலிலேயே தெரிந்த விஷயம். அந்த நேரத்தில் மின்சாரத்தை லேசாக வெட்டி வெட்டிக் கொடுத்தால் மோட்டாரே உறுமும், தனியாக ஒரு உறுப்பும் மாட்ட வேண்டாம் என்று அவன் சொன்னான். சொல்லும்போதே அவனுக்கு உற்சாகம் பிடித்துக்கொண்டது. முதலில் உறுமல் கொசு மாதிரி வந்தது. அடுத்து ஏப்பம் மாதிரி வந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஒரு நல்ல, தணிந்த, கண்டிப்பான உறுமல் கிடைத்தது. அழுத்தம் குறைந்த கணமே அது அடங்கியது.

இந்த முறை அவள் காதுக்கு மூடி மாட்டாமல் சோதித்தாள், சுவர் முள்மேல் ஒரு காகிதத்தை ஒட்டி மறைத்துவிட்டு. சட்டத்தை மீறினாள் என்று பாதுகாப்பு அதிகாரி முறைத்தார். முறைக்கட்டும் என்று விட்டுவிட்டாள். சத்தமே இல்லாத மெஷின் என்று வாய் கிழியப் பேசிவிட்டு கடைசியில் அதற்கு வாய் வைத்துவிட்டோமே என்று உள்ளுக்குள் கொஞ்சம் உறுத்தியது உண்மை. ஆனால் பெருமையைப் பார்த்தால் காது போய்விடும்.

வெள்ளிக்கிழமை முதலாளி அறையில் அச்சுக்காரரும் உட்கார்ந்திருந்தார், விற்பனை மேலாளர் கழுதையின் புதுச் சட்டைக்கு வண்ண அட்டைகளோடு வந்திருந்தார். முதலாளி பள்ளத்துக்குப் பக்கத்திலேயே மெஷினை வைத்தார். அந்த மனிதர் வீம்பில் உஷ்ஷுக்குச் சளைத்தவர் இல்லை. விசையைத் தட்டினார், போன தடவை மாதிரியே சந்தேகப்பட்டார், போன தடவை மாதிரியே அழுத்தினார்.

மெஷின் உறுமியது. முதலாளியின் கை தானாக மேலே வந்தது, உறுமல் நின்றது. அவர் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு மறுபடி அழுத்தினார். மறுபடி உறுமல், மறுபடி கை மேலே வந்தது. பள்ளத்தின் விளிம்பைச் சுற்றி மெதுவாக, சுவாரசியமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தார். அச்சுக்காரர் இரண்டு தடவை கடிகாரத்தைப் பார்த்தார். பள்ளம் பள்ளமாகவே இருந்தது, ஆனால் அதன் விளிம்பு கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது.

"எங்கம்மா போனதுக்கப்புறம் என்னை அதட்ட ஒரு ஆளு இல்ல" என்றார் கடைசியில். "இது அதட்டுதும்மா. இதுக்கே வெட்டுங்க."

விற்பனை மேலாளர் வண்ண அட்டைகளை மடித்துப் பையில் வைத்தார். போகும்போது, கடையில் பேசாமல் நின்று தப்பு பண்ணினால் மட்டும் அதட்டுகிற முதலாளியும் ஒரு முதலாளிதான் என்று ஒப்புக்கொண்டு போனார். உஷ் கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதுவிட்டு வந்தாள்.

அச்சில் வந்த முதல் மெஷின்களில் ஒன்றைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டு வந்தாள். கணவர் அதைக் கழுத்துச் சுளுக்கிய கோழியைப் பார்ப்பது போலத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பெட்டி ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். இரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கொல்லைப்புறத்துக்குப் போனபோது அவர் முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு மேசையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவர் தேய்க்கும்போது பின்னால் நின்று மனசிலிருப்பதை எல்லாம் கொட்டிவிடுவது அவளுக்கு நெடுநாள் பழக்கம். கல்யாணமான புதிதிலிருந்தே இருந்த சௌகரியம் அது, கழுதை கத்துகிற கத்தலில் அவர் காதில் ஒன்றும் விழாது.

"தலைகாணி பூரா மரத்தூள்" என்றாள் சாதாரணக் குரலில். "ஒரு நாளாவது குளிச்சிட்டுப் படுக்கறாரா மனுஷன்."

"நேத்து குளிச்சேனே" என்றார் அவர், திரும்பாமல், கையை நிறுத்தாமல்.

அவள் நின்ற இடத்திலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் திரும்பினார், அவள் கண்ணைப் பார்த்ததும் பதறிப்போனார். மெஷினை அணைக்கப் போனார்.

"இதுக்காகவா அழுவ? இப்பவே வேணா குளிச்சிட்டு வர்றேன்."

"நிறுத்தாதீங்க" என்றாள் அவள். "ஓட்டுங்க. ஓட்டிக்கிட்டே பேசுங்க."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் பேசு என்று சொன்னால் காரணம் கேட்கிற ஆள் இல்லை அவர். அவள் ஒரு முக்காலியை இழுத்து அவருடைய இடது பக்கமாகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். அவர் மேசையைத் தேய்த்துக்கொண்டே பேசினார். அவளும் பேசினாள், சத்தம் போடாமல்.