ஆம்புரோஸின் ஆயுசு

ஆம்புரோஸ் தும்மினால் வில்மட் போட்டது போட்டபடி சால்வையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். அவன் அவளுக்குக் கணவனுமில்லை, உறவுமில்லை. அவள் அப்பா ஊர் நிலத்துக்கெல்லாம் சொந்தக்காரரான துரையிடம் நாற்பது ஏக்கரைக் குத்தகைக்கு வாங்கியபோது, இங்கிலாந்தின் டெவன் பக்கத்து வழக்கப்படி, ஓர் உயிரின் பேரில் பத்திரம் எழுதினார்கள். அந்த ஆள் உயிரோடிருக்கும்வரை நிலம் இவர்களுக்கு, செத்துவிட்டால் திரும்பத் துரைக்கு. ஊரிலேயே கொழுகொழுவென்றிருந்த குழந்தையாகப் பார்த்து அப்பா பேர் எழுதிவைத்தார். அது வளர்ந்தால் எப்படியிருக்கும் என்று அந்த மனிதர் யோசிக்கவில்லை.

வளர்ந்த ஆம்புரோஸ் அவள் அடுப்படியிலேயே குடியேறிவிட்டான்.

"சூப்புல உப்பு கம்மி, வில்மட்டு. மனசு ஒடிஞ்சா உசிரு தங்காது, பாத்துக்க."

"குடிச்சுத் தொலைடா, மகராசா."

துரையின் காரியஸ்தர் அவனுக்கு ஆப்பிள் கள்ளைப் பீப்பாய் பீப்பாயாக அனுப்பினார். ஒருமுறை பழக்காத குதிரை ஒன்றையும் அன்பளிப்பாக அனுப்பினார். கள்ளைச் சாக்கடையில் கொட்டி, குதிரையைத் திருப்பியனுப்பியே வில்மட்டுக்குத் தலை நரைத்தது.

ஒரு மார்ச்சில் அவளே காய்ச்சலில் விழுந்தாள். பிள்ளை குட்டி இல்லாதவள். பத்திரத்திலோ வாரிசு என்ற பேச்சே இல்லை. ஆம்புரோஸ் இருக்கும்போது அவள் செத்தால், முதலில் உள்ளே கால் வைக்கிறவனுக்கே நிலம், ஆம்புரோஸ் சாகும்வரை. சட்டம் அப்படி. அவள் பிழைக்கமாட்டாள் என்று பேச்சுப் பரவ, மதியத்துக்குள் பாதி ஊர் வேலியோரம் வந்து நின்றது. அவளுக்கு ஒருவரும் ஒரு வாய்க் கஞ்சி கொண்டுவரவில்லை. ஆம்புரோஸுக்கு மட்டும் முட்டை, வெண்ணெய், கம்பளிக் காலுறை எல்லாம் வந்து குவிந்தன. நிலத்தை எவன் பிடித்தாலும் அவன் உயிர் நீடித்தால்தானே லாபம்.

"ஆம்புரோஸு, கொஞ்சம் தண்ணி குடுடா," என்று கட்டிலிலிருந்து கூப்பிட்டாள்.

வாசற்படியை அடைத்து உட்கார்ந்திருந்தான் அவன். "எந்திரிக்க முடியாது. நீ போனா நெலம் எனக்குத்தான். நான் வாசல விட்டா வேற எவனாவது உள்ள பூந்துருவான்."

"நான் இன்னும் சாகலடா!"

"அவசரமே இல்ல. மெதுவா ஆகட்டும்."

இருபது வருஷமாக இவனுக்குச் சமைத்துப் போட்டவள் அவள். அந்தக் கோபத்திலேயே எழுந்தாள். சுவரைப் பிடித்து அடுப்படிக்கு வந்து, அவனுக்கென்று ஊரார் கொண்டுவந்து வைத்திருந்த சூப்பைச் சட்டியோடு தூக்கிக் குடித்தாள்.

"ஐயோ, அது என்னோடது!"

வெளியே நின்றவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு, முட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனார்கள். வில்மட் அடுப்புக் கம்பியைக் கையில் எடுத்தாள். இன்று இவன் முதுகுத்தோலை உரித்தே தீர்வது என்றிருந்தாள்.

ஆம்புரோஸ் தும்மினான்.

கம்பியைக் கீழே வைத்தாள். அழுகை அழுகையாக வந்தது. தன் தோளில் கிடந்த சால்வையை எடுத்து அவன் கழுத்தைச் சுற்றிக் கட்டிவிட்டாள்.